நீர்மட்டம் கழித்தல் ஆழம்

பவானிசாகர் அணையின் தண்ணீருக்கு அடியில் டணாயக்கன் கோட்டை கிடக்கிறது. பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் 1955-இல் அணை கட்டி முடிந்தபோது கோட்டையும் அதிலிருந்த கோயில்களும் மூழ்கின. கடும் வறட்சி வந்து நீர் வற்றும் ஆண்டுகளில் அவற்றின் கற்கள் வெளியே தெரியும். மேட்டூரிலும் அப்படித்தான். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் நீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் எழுந்து நிற்கும். நாளிதழ்கள் படம் போடும், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் பார்க்கப் போவார்கள்.

பரிசலில் வலை விரிக்கிறவருக்கு இந்தப் படங்கள் சொல்லும் செய்தி வேறு. வெளியே தெரியாத நாட்களிலும் அந்தக் கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. சில மாதங்களில் அதன் மேல் 40 அடித் தண்ணீர் நிற்கும், சில மாதங்களில் 2 அடிதான் நிற்கும். வலை கிழிவதும் மோட்டாரின் விசிறி உடைவதும் அந்த 2 அடி மாதங்களில்தான்.

கொங்கு நாட்டில் கடல் இல்லை, ஆனால் படகு இருக்கிறது. கோவை மாவட்டத்தில் சிறுமுகையை அடுத்த லிங்காபுரம், காந்தவயல் பக்கம் பவானிசாகர் நீர் ஏறி நின்ற ஆண்டுகளில் பாலம் மூழ்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பரிசலிலும் மோட்டார் படகிலும் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். ஆழியாறு, அமராவதி, பவானிசாகர், மேட்டூர் என்று அணைதோறும் மீன்பிடித் தொழில் நடக்கிறது. மூங்கில் பரிசலோடு இப்போது ஃபைபர் பரிசலும் சிறு படகும் வந்துவிட்டன. புதிதாக ஒரு படகு வாங்கி, மீன்வளத்துறையின் அனுமதியும் பெற்றுவிட்ட ஒருவர் அடுத்துக் கேட்கும் கேள்வி இது: “ஏனுங்க, என்ன கருவி வாங்கி மாட்டோணும்?”

கடையில் அவருக்குக் காட்டப்படுவது ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடங்கிய வண்ணத்திரைக் கருவி. ஜி.பி.எஸ்., கடல் வரைபடம், ஃபிஷ் ஃபைண்டர், வேகம், வெப்பநிலை எல்லாம் அதில் வரும். 5 அங்குலத் திரை ஒரு விலை, 9 அங்குலத் திரை அதைப்போல் பல மடங்கு. திரையின் அளவை வைத்து வாங்குவதுதான் முதல் படகுக்காரர் செய்யும் பெரிய வீண்செலவு என்று நான் நினைக்கிறேன். கருவி எதை அளக்கிறது, எதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, எதை அதனால் அறியவே முடியாது என்று பார்த்து வாங்க வேண்டும். இந்தக் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே அளப்பது ஒன்றைத்தான்: நேரத்தை.

ஒலி போய்த் திரும்பும் நேரம்

அணையில் ஓடும் படகுக்கு முதலில் வாங்க வேண்டியது ஆழம் காட்டும் கருவி. கடற்கரையில் இதை எக்கோ சவுண்டர் என்பார்கள், கடையில் ஃபிஷ் ஃபைண்டர் என்று விற்பார்கள். இரண்டும் ஒன்றே. படகின் அடியில் நீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசர் என்ற சிறு வில்லைக்கு மின்துடிப்பு கொடுத்தால் அது அதிர்ந்து ஒலியை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி அதே வில்லையை அதிரவைத்து மின்சாரமாக மாறும். நடுவில் கழிந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் வந்துவிடும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். 9 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் 12 பங்கு போதும்.

அந்த 1,500 என்பது கருவிக்குள் எழுதிவைத்த எண். உண்மையான வேகம் வெப்பத்தையும் உப்பையும் பொறுத்து மாறும். 28 டிகிரி வெப்பமுள்ள நன்னீரில் அது 1,500-ஐ ஒட்டியே இருக்கிறது. அதே வெப்பமுள்ள கடல்நீரில் 1,540-க்குப் பக்கம். ஆகவே நம் அணையில் கருவி சொல்லும் ஆழம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். கடலில் உண்மை ஆழத்தைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். நன்னீர், கடல்நீர் என்று மாற்றிக்கொள்ளும் வசதி சில கருவிகளில் உண்டு. வாங்கிய அன்றே அதைப் பார்த்துவிட வேண்டும்.

நன்னீரில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் உயர் அதிர்வெண் ஒலியை விழுங்கிவிடும். அதனால்தான் ஆழ்கடல் படகுகளுக்கு 50 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணும் கூடுதல் திறனும் தேவைப்படுகின்றன. பவானிசாகரின் முழு நீர்மட்டமே 105 அடி, மேட்டூருக்கு 120 அடி. இந்த ஆழத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் சிறு கருவி தாராளம். அதன் ஒலி அலையின் நீளம் 7.5 மில்லிமீட்டர்தான், 50 கிலோஹெர்ட்ஸில் அது 3 சென்டிமீட்டர். அலை சிறிதாக இருக்க இருக்க, சிறிய பொருளையும் பிரித்துக் காட்டும். விலை குறைந்த கருவியே நமக்கு நல்ல கருவியாக அமைவது கொங்குப் படகுக்காரருக்கு வாய்த்த வசதி. விளம்பரத்தில் 4,000 வாட் என்று போட்டிருந்தால் அது உச்சத்திலிருந்து உச்சத்துக்கு எடுத்த அளவா என்று கேளுங்கள். ஆமென்றால் எட்டால் வகுத்துவிடுங்கள். உண்மைத் திறன் 500 வாட்.

ஒலி நேர்கோடாக இறங்குவதில்லை, கூம்பாக விரிகிறது. 20 டிகிரிக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைத் தொடும். 20 மீட்டரில் 7 மீட்டர் அகலம். அந்த வட்டத்துக்குள் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதன் எதிரொலிதான் முதலில் வந்து சேரும். கருவி அதையே ஆழம் என்று எழுதும். சரிவான கரையில் ஆழத்தைக் குறைத்துச் சொல்லும். மூழ்கிப்போன மோயாற்றின் பழைய ஆற்றுத்தடம் குறுகலாக இருந்தால் அதை அறவே மறைத்துவிடும். குறைத்துச் சொல்வது படகுக்குப் பாதுகாப்பான பிழை. ஆற்றுத்தடத்தில் ஒதுங்கும் மீனைத் தேடுகிறவருக்குத்தான் இழப்பு. அகலக் கூம்பு, குறுகல் கூம்பு இரண்டும் உள்ள கருவி கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மீன் எப்படித் தெரிகிறது? மீனின் சதை ஏறத்தாழத் தண்ணீரைப் போலத்தான் ஒலியைக் கடத்தும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியைத் திருப்பி அடிக்கிறது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் காற்றுப்பை உண்டு, ஆகவே நன்றாகத் தெரியும். கடலில் சுறாவுக்கு அது இல்லை, அதனால் சுறா உடலளவுக்குத் தெரியாது. ஓடும் படகின் கூம்புக்குள் ஒரு மீன் நுழையும்போது தூரம் கூடுதல், நடுவில் குறைவு, வெளியேறும்போது மறுபடி கூடுதல். திரையில் அது வில்லாக விழும். நிற்கும் பரிசலுக்கு அடியில் ஒரு மீன் அசையாமல் நின்றால் நீண்ட கோடாக விழும். திரை ஓடிக்கொண்டே இருப்பதால் நீளம் என்பது இங்கே நேரத்தைக் குறிக்கிறது. கோடு நீண்டிருந்தால் மீன் வெகுநேரம் நின்றது என்று பொருள், பெரிய மீன் என்று பொருள் இல்லை. திரையில் மீன் படமே போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மூழ்கிய மரக்கிளையையும் காற்றுக் குமிழையும் அது மீனாக வரைந்துவிடும்.

தரையின் தன்மையையும் கருவி சொல்லும். பாறையும் கெட்டியான மண்ணும் ஒலியைப் பலமாகத் திருப்பும். அந்த ஒலி நீர்ப்பரப்பில் பட்டு மறுபடி கீழே போய் இன்னொரு முறை வரும். அப்போது உண்மை ஆழத்தைப்போல் இரு மடங்கில் இரண்டாவது கோடு ஒன்று விழும். சேறு ஒலியைக் குடித்துவிடுவதால் அங்கே அந்த இரண்டாம் கோடு விழாது. எழுபது ஆண்டு வண்டல் படிந்த அணையில் எங்கே கல், எங்கே சேறு என்று தெரிவது வலையின் ஆயுளைக் கூட்டும்.

அணைக்கு வரைபடம் இல்லை

இந்த அத்தியாயத்தை நான் எழுதுவதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். விலை உயர்ந்த கருவியின் விலையில் கணிசமான பங்கு கடல் வரைபடத்துக்குப் போகிறது. கடலோரத்தில் அது தகும். அங்கே ஆழம் ஒரு குறிப்பிட்ட தாழ்நீர் மட்டத்திலிருந்து அளந்து எழுதப்பட்டிருக்கும்; தமிழ்நாட்டுக் கரையில் அலையேற்றமும் வற்றமும் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அணையில் நீர்மட்டம் ஒரே ஆண்டில் பத்துப் பத்து அடியாக ஏறி இறங்குகிறது. ஆகஸ்ட் மாத நடுவில் கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பார்கள். அது நன்செய்க்கு; புன்செய்க்கு ஜனவரியில் இன்னொரு முறை. பங்குனி, சித்திரையில் மட்டம் கீழே போய்விடும். இங்கே “இந்த இடத்தில் ஆழம் 20 அடி” என்று அச்சடித்த வரைபடம் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். நாம் வரையும் வரைபடம்தான் நமக்கு உதவும். அதற்கு வேண்டிய இன்னொரு எண் காலையில் செய்தித்தாளிலேயே வருகிறது: பவானிசாகர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி.

கொங்கு நாட்டு விவசாயி அந்த எண்ணைப் பார்க்காமல் நாளைத் தொடங்குவதில்லை. படகுக்காரர் செய்ய வேண்டியது ஒரே ஒரு கழித்தல். இன்றைய நீர்மட்டம் 92 அடி, கருவி 19 அடி காட்டுகிறது, வில்லை நீருக்குள் 1 அடி இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஆழம் 20 அடி. 92-இல் 20 போனால் 72. அந்த இடத்தின் தரை, அணையின் அளவுகோலில் 72 அடியில் இருக்கிறது. இந்த 72 மாறாது (வண்டல் சேர்ந்தால் மிக மெல்ல உயரும்). நோட்டில் எழுத வேண்டியது 72-ஐ, 20-ஐ அல்ல. சித்திரையில் நீர்மட்டம் 75-க்கு வரும்போது அங்கே 3 அடிதான் என்பதை வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். மட்டம் 72-க்கு வந்தால் அங்கே தரை தெரியும்.

ஜி.பி.எஸ். காட்டும் இடம், அதன் பக்கத்தில் இந்தத் தரை எண். வலை விரிக்கும் தடங்களில் இப்படிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஓரிரு பருவத்தில் மூழ்கிய நிலத்தின் மேடு பள்ளம் உங்கள் கையில் வந்துவிடும். வாய்ப்பிருந்தால் நீர் வற்றிய மாதத்தில் கரையில் நடந்து, வெளியே தெரியும் பாறை, மரக்கட்டை, பழைய சுவர் ஒவ்வொன்றிலும் நின்று இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யானைகள் தண்ணீருக்கு வரும் காட்டோரம் இது, அதனால் பகல் வெளிச்சத்தில், வனத்துறை அனுமதிக்கும் பக்கம் மட்டும் போக வேண்டும். நீர் இல்லாத காலத்தில் நடந்து எடுத்த குறிப்பு எந்த எக்கோ சவுண்டரையும்விடத் துல்லியமானது.

ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கருவிக்குக் கேட்கும் செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்கு அடியிலிருந்து ஒன்றும் கேட்காது. அதனால் அது இடத்தைச் சொல்லும் அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகச் சொல்லாது. உயரத்துக்கு அணையின் அளவுகோல்தான் நம்பத்தக்கது.

20,200 கிலோமீட்டர் உயரத்துக் கடிகாரம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் “நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது” என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் கருவி அந்தச் சொல் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்துத் தூரம் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள் வேண்டும்: மூன்று நம் இடத்துக்கு, நான்காவது நம் கருவியின் மலிவான கடிகாரத்தைத் திருத்துவதற்கு. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் இடம் 30 சென்டிமீட்டர் பிசகும். அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் வேகமாக ஓடும். வேகமாகச் சுற்றுவதால் மெதுவாகவும் ஓடும். இரண்டும் போக ஒரு நாளைக்கு 38 மைக்ரோநொடி முந்தும். ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால் தூரக்கணக்கு ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தவறியிருக்கும். சிறுமுகைப் பரிசல்காரரின் கைபேசி காட்டும் இடத்துக்குப் பின்னால் அந்தத் திருத்தம் இருக்கிறது.

ஆம், கைபேசியே போதும். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைபேசி ஐந்து மீட்டர் அளவில் இடத்தைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ என்று பல அமைப்புகளையும் அது ஒருசேரக் கேட்கிறது. சில கைபேசிகள் நம் நாவிக்கையும் கேட்கும். இஸ்ரோ 2013 ஜூலை 1-இல் நாவிக்கின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. இந்தியாவில் உருவான அணுக்கடிகாரத்தோடு 2023 மே 29-இல் போன என்.வி.எஸ்.-01 அதன் அடுத்த தலைமுறை. டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். கைபேசியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஈர விரலுக்கும் திரையில் விழும் மழைத்துளிக்கும் தொடுதிரை தடுமாறும், வெயிலில் மங்கும். ஐ.பி. 67 என்ற தரம் நன்னீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்ற சோதனையைத்தான் குறிக்கிறது. காற்றுப் புகாத உறையில் போட்டு, கழுத்திலோ படகிலோ கயிறு கட்டி வைத்துக்கொண்டால் அணைக்குத் தனி ஜி.பி.எஸ். வேண்டியதில்லை.

இரவில் ஒரு எச்சரிக்கை. பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டின் வழியாகப் போகிறது. திருநெல்வேலி அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். இந்தப் பட்டையில் பொழுது சாய்ந்தபின் சில மணி நேரம், வளிமண்டலத்தின் மேலே உள்ள மின்துகள் அடுக்கில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்பும். அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சைகை நடுங்கும், சில நேரம் அறுந்தும் போகும். பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும், சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இது கூடும். மின்துகள் அடுக்கு உண்டாக்கும் தாமதம் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால், இரண்டு அதிர்வெண்களில் கேட்கும் கருவி அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். சைகையே அறுந்தால் எந்தக் கணக்கும் உதவாது. ஆகவே மாலையில் வலை போடும்போது குறித்த புள்ளி, இருட்டியபின் கொஞ்சம் தள்ளித் தெரிந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். மோயாற்றுப் பள்ளத்தாக்கைப் போல மலைச்சுவர் வானத்தை மறைக்கும் இடத்தில் பகலிலும் இப்படி நடக்கும். அங்கே சைகை பாறையில் பட்டுத் திரும்பி நீண்ட வழியில் வந்து சேர்கிறது.

ஜி.பி.எஸ். அறியவே முடியாத ஒன்று, நிற்கும் படகு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது. இடம் நகர்ந்தால்தான் அதற்குத் திசை தெரியும். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. அது நின்ற இடத்தில் சுழலும்போது திரையின் அம்புக்குறி பொருளில்லாமல் அலையும். மூடுபனியில் இது ஆபத்து. சிறிய காந்த ஊசித் திசைகாட்டி ஒன்று வாங்கி வையுங்கள். மின்சாரம் வேண்டாம், விலையும் குறைவு. கோவைப் பகுதியில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் சுமார் 2 டிகிரிதான் வேறுபடுகின்றன. ஐரோப்பாவில் போல ஊசியின் முனை கீழே இழுபடுவதும் இங்கே மிகக் குறைவு. ஊசித் திசைகாட்டிக்கு இதைவிட நல்ல ஊர் உலகில் அதிகம் இல்லை. ஒலிபெருக்கி, மோட்டார், பேட்டரி வயர் இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கடலுக்குப் போனால்

கொங்கு நாட்டில் வாங்கிய படகே நாளை நாகப்பட்டினத்துக்கோ ராமேசுவரத்துக்கோ போகக்கூடும், அல்லது இந்த நூலை அங்கே ஒருவர் படிக்கக்கூடும். கடலில் வாங்கும் வரிசை தலைகீழாக மாறிவிடும். அணையில் எந்தப் பக்கம் துடுப்பு போட்டாலும் கரை வரும், கடலில் வராது. முதலில் வாங்க வேண்டியது உதவி கேட்கும் கருவி.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் மிக விரைவாக வலுவடைந்தது. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது பல படகுகள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. அவற்றில் ரேடியோ இருந்தும் செய்தி எட்டவில்லை. அந்த ரேடியோவின் வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போவது, பூமியோ வளைந்தது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் அது எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும். 4 மீட்டர் ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் 16 கிலோமீட்டர்வரை பேசலாம். கரையில் 100 மீட்டர்க் கோபுரம் இருந்தால் 49 கிலோமீட்டர். வாட் கூடினால் சொல் தெளிவாகும், பூமியின் வளைவு குறையாது. ஆகவே 25 வாட் ரேடியோவுக்குச் செலவழிப்பதற்கு முன் ஆன்டெனாவை உயர்த்துங்கள். ஆபத்தில் கூப்பிடுவதற்கான அலைவரிசை 16 என்பதைப் படகில் ஏறும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

அந்த எல்லைக்கு அப்பால் செயற்கைக்கோள்தான் வழி. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் மீன்பிடிப் படகுகளில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இடமும் ஆபத்தின் வகையும் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குச் சேரும். முதல் தலைமுறைக் கருவி கூப்பிடும், பதில் தராது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை “செய்தி கிடைத்தது” என்ற பதிலையும் படகுக்குத் தருகிறது. நடுக்கடலில் நீர் ஏறும் படகில் இருக்கும் மனிதருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்று எண்ணிப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 30-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் செலவில் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. வானிலை எச்சரிக்கை அதில் எழுத்தாக வரும், சர்வதேச எல்லையை நெருங்கினாலும் சொல்லும். கடையில் எதையும் வாங்குமுன் மீன்வளத்துறை அலுவலகத்தில் இதற்குப் பெயர் கொடுங்கள்.

பாக் நீரிணையில் அந்த எல்லை எச்சரிக்கை வாழ்க்கைப் பிரச்சினை. 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கைகளில் வகுத்த கோடு தண்ணீரில் தெரியாது. வலையோடு மிதக்கும் படகு 2 நாட் நீரோட்டத்தில் நான்கு மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் நகர்ந்துவிடும், எஞ்சின் ஓடாமலேயே. கோட்டின் மேலேயே எச்சரிக்கை வைத்தால் அது அடிக்கும்போது காலம் கடந்திருக்கும். உங்கள் கடலின் நீரோட்டத்தையும் வலை இழுக்க ஆகும் நேரத்தையும் பெருக்கி, அந்தத் தூரத்துக்கு முன்னால் எச்சரிக்கையை வையுங்கள்.

வெளிநாட்டுப் படகுக்காரர்கள் பரிந்துரைக்கும் கையடக்கச் செயற்கைக்கோள் தொலைபேசியை உறவினர் வழியாக வரவழைத்து விடாதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், வழக்கு வரும்.

வயர்

கருவி பழுது என்று கொண்டுவரப்படுவதில் பெரும்பகுதி வயரின் பழுது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு ஆழம் கூடக்கூடத் தடித்த கேபிள் போட வேண்டும் என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். படகின் 12 வோல்ட்டுக்கும் அதே விதிதான், இன்னும் கடுமையாக. 1.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி 5 மீட்டர் போய் 5 மீட்டர் திரும்பினால் மின்தடை 0.12 ஓம். ரேடியோ பேசும்போது 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 230 வோல்ட்டில் அது தூசு. இறங்கிப்போன பேட்டரியின் 11.8 வோல்ட்டில் அது கருவி வேலை செய்வதற்கும் நிற்பதற்கும் உள்ள இடைவெளி. 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பி போடுங்கள், ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃப்யூஸ் வையுங்கள். கடலுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி அவசியம், அணைக்கு அது கட்டாயமில்லை.

அணையில் எக்கோ சவுண்டர் மட்டும் என்றால் யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி போதும். சிறு கருவி அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலே 7 மணி நேரம் ஓடும். டிரான்ஸ்டியூசரைப் பரிசலின் விளிம்பில் ஒரு கம்பில் கட்டி நீருக்குள் இறக்குங்கள். மோட்டார் படகில் விசிறி கிளப்பும் குமிழ் அதன்மேல் வராத இடமாகப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் ஒலி தரைக்குப் போகாது.

முதல் படகுக்கு என் தீர்ப்பு இதுதான். அணையில் என்றால் 200 கிலோஹெர்ட்ஸ் சிறு எக்கோ சவுண்டர், உறையில் போட்ட கைபேசி, ஊசித் திசைகாட்டி, ஒரு நோட்டு. கடலில் என்றால் ஆபத்து அறிவிப்புக் கருவியும் வி.எச்.எஃப். ரேடியோவும் முதலில், ஜி.பி.எஸ். அடுத்து, எக்கோ சவுண்டர் அதன்பின். 5 அங்குலத் திரையை 9 அங்குலம் ஆக்குவதற்கு எடுத்துவைத்த பணத்தில், படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உடலுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். குழந்தைகள் ஏறும் படகானால் அவர்கள் அளவுக்குத் தனியாக வாங்குங்கள். கரையை விட்டு நகருமுன் எல்லாரும் அதைக் கட்டியிருக்க வேண்டும்.